ஜெனரேட்டர் சுவரோரம் பேரிங் பெட்டிகள்

இது நடந்தது. ஈஜோக் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது.

ஆலை மேனேஜர் ரவீந்திரனுக்குத் தனி மீட்டிங் அறை இல்லை என்பது பெரும் மனக்குறை. அதிர்வு எட்டாத மூலையில் இருந்த பழைய ஸ்டோரைக் காலி செய்தார். கம்பளம், ஏர்கான், மாலை போட்டுக்கொண்ட தம் படம் எல்லாம் உள்ளே போயின. அங்கிருந்த மாற்று பேரிங் பெட்டிகள் ஜெனரேட்டர் சுவரோரம், இரும்பு அலமாரிக்கு வந்தன. ஜெனரேட்டர் ஓடினால் அங்கே நிற்பவரின் பல்லும் சேர்ந்து ஆடும்.

"போஸ், இங்க வேணாம்லா," என்றார் ஃபிட்டர் சன்னாசி. "சும்மா நிக்கிற பேரிங்க ஆட்டிக்கிட்டே இருந்தா, உள்ள இருக்கிற குண்டு ஒரே எடத்துல குத்திப் பள்ளம் போட்டுரும்."

"பெட்டியே பிரிக்கல. சும்மா நிக்கிறது எப்படிய்யா கெட்டுப்போகும்? நீ எந்த யுனிவர்சிட்டி?"

எட்டு மாதம் கழித்து, அதில் ஒன்றைத்தான் பாய்லர் காற்றாடியில் மாட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பேரிங் இறுகிக் காற்றாடி சிதறியது. பக்கத்தில் நின்ற சன்னாசி பிழைக்கவில்லை. 'ஃபிட்டரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதி, மூன்று பட்டங்களோடு கையெழுத்திட்டார் ரவீந்திரன்.

திங்கள் காலை விசாரணை அதிகாரிகள் வருகிறார்கள். அலமாரி இருக்கும் இடத்தைப் பார்த்தால் அறிக்கை கந்தல். அதனால் ஆலை நின்றிருந்த ஞாயிறன்று, பெட்டிகளை மாற்றத் தாமே வந்தார்.

"தொணைக்கு வரட்டா போஸ்?" என்றார் கேட்டில் காவலிருந்த ஜாகா சின்னையா.

"நீ கேட்டப் பாரு."

மணி 2:10. முதல் பெட்டியைத் தூக்கினார்.

2:17. அலமாரியில் ஒரு சத்தம்.

கிர்ர்ர்...

ஜெனரேட்டர் மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது. ஓடவில்லை.

பெட்டிகள் மட்டும் நடுங்கின. பிறகு தரை. பிறகு அவருடைய கால்.

2:21. ஓடப் பார்த்தார். கால் எழவில்லை. காதோரம் கிரீஸ் வாடை... சூடான மூச்சு...

"அசையாதீங்க போஸ்."

சன்னாசியின் குரல்.

"விட்டுரு சன்னாசி... அறிக்கைய மாத்திடறேன்..."

"சும்மா நிக்கிறதுதான போஸ்..."

கிர்ர்ர்...

"என்னா ஆயிரும்?"

கிர்ர்ர்ர்ர்...

2:35. நின்றது.

அலறல் கேட்டு ஓடிவந்த சின்னையா, தரையில் கிடந்தவரைத் தூக்கி நிறுத்தினார். மூன்று பட்டமும் சேர்ந்து இடுப்போடு மடங்கி விழுந்தன. ஆம்புலன்ஸ் வந்தது.

பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுநாள் அதிகாரிகள் சீல் பிரியாத ஒன்றைப் பிரித்து, உள்ளிருந்த பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்தார்கள். கரக்... கரக்... என்று தட்டியது. சன்னாசி மேல் போட்ட பழி அன்றே நீங்கியது.

வியாழக்கிழமை டாக்டர் நித்தியா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு இடுப்பு மூட்டிலும் வரிசையாகப் பள்ளங்கள். அளவெடுத்துக் குத்தியது போல ஒரே இடைவெளி.

"இவ்வளவு தேய்மானம் நான் பாத்ததே இல்ல சார். அதிர்ற மெஷின் மேல நின்னு வேலை பாத்தீங்களா? எத்தன வருஷம்?"

ரவீந்திரன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"பதினாலு நிமிஷம்," என்றார்.