வீரமுத்து வாங்கிய அழகில்லாத விமானம்

வீரமுத்து மலேசியத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருஷமாக, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவர். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து அப்படியே நின்றுவிட்டது. சோறு தின்னும்போதுகூட வீட்டுக் கூரையில் குலை பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது போலிருக்கும். அவருக்கு நாற்பத்தேழு வயதில் ரிமோட் விமானம் விடும் ஆசை வந்தது.

சொல்லிக்கொடுக்கத் தோட்டத்தில் ஆளில்லை. மூன்று மாதம் கைப்பேசியில் வீடியோ பார்த்தார். எல்லாம் ஆங்கிலம். பேச்சு புரியவில்லை; விழுவது மட்டும் நன்றாகப் புரிந்தது. இறக்கை அடியில் இருக்கிற மினுக்கு விமானங்கள் ஒரே குத்தில் செத்தன. இறக்கை முதுகுக்கு மேலும், காற்றாடி பின்பக்கமும் வைத்த ஃபோம் விமானங்கள் மூக்கு நசுங்கி, பசை போட்டு ஒட்டியதும் மறுபடி பறந்தன.

இவ்வளவு தெரிந்தும் ராசா டவுனில் ஹுமாயூனின் விளையாட்டு விமானக் கடைக்குள் போனதும் புத்தி பிசகிவிட்டது. சுறாப்பல் வரைந்த சண்டை விமானத்தைத் தூக்கியவர் கீழே வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் புனிதன் ஞாயிற்றுக்கிழமை திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். சுறாவைக் கண்டால் வாயடைப்பான். ஆனால் உடைந்துபோனால் சாகும்வரை தோட்டத்தில் அந்தக் கதைதான்.

"முதல் பிளேனாண்ணே? இது நீங்க பயப்படறதுக்குள்ள மண்ணுல குத்திடும் லா," என்ற ஹுமாயூன், வாத்து மாதிரி இருந்த வெள்ளை ஃபோம் விமானத்தை நீட்டினார். "இது ரிமோட்டுல விரலை எடுத்தா தானா நேராயிடும்."

"பறக்க விடவா வாங்கறீங்க, அலமாரியில வைக்கவா?" என்று கூட வந்திருந்த மனைவி நீலாவதி சிரித்தாள்.

வீரமுத்து சுறாவைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். "இத்தன வருஷமா மேலதான் பாக்கறேன். எல்லாம் கீழதான் விழுது. ஒண்ணாவது மேல போயி கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நீலாவதி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வாத்தைத் தானே மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

ஞாயிறு காலை அவள்தான் எறிந்தாள். வாத்து ஏறியது, சாய்ந்தது, செம்பனைப் பக்கம் திரும்பியது. அவர் பதறி ரிமோட் குச்சியை இழுக்க இழுக்க இன்னும் சாய்ந்தது. புனிதன் சிரிக்கத் தொடங்கினான். வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டு விரல்களை எடுத்தார். திறந்தபோது அது நிமிர்ந்து, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எப்படிங்க எறக்குவீங்க?" என்றாள் நீலாவதி.

அதை அவர் எந்த வீடியோவிலும் கவனிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினார். வாத்து மெதுவாக வந்து லாலான் புல்லில் செருகியது.

ஓடிப்போய் எடுத்துவந்தவன் புனிதன். "மூக்கு மட்டுந்தாண்ணே நசுங்கியிருக்கு. இந்த வாட்டி நான் எறியட்டா?"

நீலாவதி விமானத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "வரிசையில நில்லுடா."