அம்மா எத்தனை எச்.பி.?

ஈரம் காயாத சிமெண்டுப் படியில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரைக்கும் ஏறும் குளிர்தான், பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. கீழே இருந்த தரைத்தொட்டியிலிருந்து அம்மா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏறுவார். இடுப்பில் தளும்பியது படியெல்லாம் சிந்திக் கிடக்கும். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் அவருடைய முழங்கால் வீங்கி, சுமையோடு படியேறுவதை நிறுத்தாவிட்டால் மூட்டு போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் ரங்கசாமி மாமா பம்புசெட்டு செய்து விற்பவர். மனிதர்களைக்கூட மோட்டாரைப்போலக் குதிரைத்திறனில், "எச்.பி." போட்டுத்தான் பேசுவார், எனக்கு அவர் வைத்த பெயர் "அரை எச்.பி." அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் கிடையாது. அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, குடத்தின் எடை, மாடியின் உயரம், ஏறுகிற நேரம் மூன்றையும் வைத்து வாயாலேயே கணக்குப் போட்டார்.

"ஒரு எச்.பி.ல இருபதுல ஒரு பங்குதானுங்க அம்மணி வருது. இதுக்குப் போயி யாராச்சும் மோட்டார் போடுவாங்களா?"

அம்மா தலையாட்டிவிட்டுக் குடத்தை எடுக்கக் குனிந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலை, திறன் பாடம் அப்போதுதான் பள்ளியில் முடிந்திருந்ததால் ஓட்டை எங்கே என்று பளிச்சென்று தெரிந்தது. பம்புக்காரர் மோட்டாரின் எடையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது வைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மட்டும் மேலே அனுப்பும். அம்மாவோ குடத்தோடு தன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அவர் எடையோ குடத்தைப்போல நான்கு மடங்கு.

"மாமா, நீங்க வெறுங்கையோட மேல ஏறி எறங்குங்க, பாக்கலாம்."

"சும்மா இரு கண்ணு" என்று அம்மா அதட்டினார். மாமா சிரித்துக்கொண்டே ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். தொந்தியும் தொப்பையுமான ஆள். மூன்றாவது தடவை பாதிப் படியிலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"கைல ஒண்ணுமே இல்லீங்களே மாமா, அப்புறம் எதுக்குங்க மூச்சு வாங்குது?"

வெள்ளை வேட்டியோடு அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்தார். "அட, ஆளை உட்டுப்போட்டனே!" என்று தலையில் தட்டிக்கொண்டு, அம்மாவையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார்.

"கால் எச்.பி.ங்க அம்மணி. தெனமும் கால் எச்.பி. ஓட்டீருக்கறீங்க."

அவர் குரலில் அப்படியொரு மரியாதையை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. அந்த வாரமே மோட்டார் வந்தது. ஜெயித்த திமிரில் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தத் திமிர் இன்னும் குறையவில்லை.

மாமா இன்றில்லை. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இடுப்பில் குடத்தோடு மாடியேறும் பெண்களையும் அந்தப் பக்கம் இப்போது காண முடிவதில்லை. அம்மாவும் நானும் கோவையில் நான்காவது மாடியில் இருக்கிறோம். போன வாரம் கரண்டு போய் லிப்ட் நின்றபோது, நான் இரண்டாவது மாடியில் இளைப்பாற உட்கார்ந்துவிட்டேன். எழுபதைத் தாண்டிய அம்மா, ஆபரேஷன் கத்தி படாத தன் முழங்கால்களோடு எனக்கு முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்துவைத்து, "இன்னுமா வர்றே கண்ணு?" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.