இராஜம்மா அளந்த தண்ணீர்

ஜெராம் ஊர் இராஜம்மா எனக்கு நாத்தனார் முறை. என் வீட்டுக்காரரின் சித்தப்பா வீரனுக்கு மூத்த தாரத்து மகள். முப்பது வருடம் ரப்பர் மரம் சீவியவள். எஸ்டேட்டைக் கம்பெனிக்காரன் விற்றபின் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே மருமகள் விமலா மத்தியானம் முழுக்க டிவியில் சீரியல் பார்ப்பாள். அதன் கதையைக் கூடவே வாய்விட்டும் சொல்லுவாள். இராஜம்மாவுக்கு அதற்கு மரம் சீவுவதே தேவலை.

அந்த நேரத்தில்தான் கோலசிலாங்கூர் ஆற்றுமுகச் சதுப்பில் நான்கு மாத வேலை கிடைத்தது. விடுவாளா?

பல்கலைக்கழகத்துக்காரர்கள் தண்ணீர் அளக்க வந்திருந்தார்கள். கடல் ஏறும்போது ஓடைத் தண்ணீர் சேற்றுக்குள் எவ்வளவு இறங்குகிறது, வற்றும்போது மண்ணுக்கடியிலிருந்து எவ்வளவு மேலே வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். பாதியாக வெட்டிய டிரம்மை ஓடைச் சேற்றில் கவிழ்த்து அழுத்தி, மேலுள்ள துளையில் ஒரு லிட்டர் ஓடைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கட்டுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவிழ்த்து அளந்தால், பையில் கூடியது அடியிலிருந்து வந்தது. குறைந்தது உள்ளே போனது.

“கூடினாலும் சரி, கொறஞ்சாலும் சரி, உள்ளத எழுதுங்க ஆன்டி,” என்றாள் தனேஸ்வரி, ரவாங்கிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி.

எஸ்டேட்டில் ரப்பர் பாலை அளந்து கணக்கெழுதும் எங்கள் கிராணியும் இப்படித்தான் சொல்வார். அதை நம்பிக் குறைந்த பாலோடு வாளியை நீட்டினால் ஊரறிய ஏசுவார். மறுபடி குறைந்தால் வேலை போச்சு. அதனால் பாலில் தண்ணீர் கலக்காத கை எங்கள் லயத்து வீடுகளில் கிடையாது. என் கையையும் சேர்த்துத்தான்.

முதல்நாள் கடல் ஏறியபோது பையில் முந்நூறு மில்லி குறைந்திருந்தது. தனேஸ்வரி அடுத்த ஓடையில் இருந்தாள். இராஜம்மா அக்கம்பக்கம் பார்த்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, கண்ணுக்கு நிறைவாக ஒரு லிட்டருக்கு மேலேயே எழுதிவிட்டாள். கடல் ஏறும்போதெல்லாம் இதே கதை.

நான்காம் மாதக் கடைசியில் தனேஸ்வரியின் மேலதிகாரி டாக்டர் குகன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏறினாலும் வத்தினாலும் இங்க மட்டும் தண்ணி மேலதான் வருது. உப்பும் கம்மி. கீழ நல்ல தண்ணி ஊத்து இருக்கு போல.”

அன்றைக்குப் பையிலிருந்து அளந்து ஊற்றிவைத்த போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“தனேஸ், மண்ணுக்கடியில சீரகம் வெளையுமா?”

“சான்ஸ் இல்ல லா, டாக்டர்.”

இருவரும் இராஜம்மாவைப் பார்த்தார்கள்.

“பச்சத்தண்ணி எனக்கு ஒத்துக்காதுங்க,” என்றாள் அவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவர்கள் வேலைக்குக் கொடுத்த பூட்ஸைக் கழற்றி, ஜோடி சேர்த்து அவர் காலடியில் வைத்தாள். “கொறஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன். இப்ப எப்படியும் நிறுத்தத்தான் போறீங்க.”

குகன் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையிலேயே உட்கார்ந்தார்.

“கடல் ஏறறப்ப எடுத்தது எல்லாம் போச்சு. திரும்ப எடுக்கணும், ரெண்டு மாசம். பை ஒழுகாம கட்ட இவங்கள விட்டா வேற யாரு இருக்கா? பூட்ஸ மாட்டுங்கம்மா.”

மாட்டினாள். மெதுவாகத் தனேஸ்வரியிடம் நகர்ந்தாள்.

“ஏம்மா, நான் ஒழுங்கா எழுதியிருந்தா?”

“இந்த வெள்ளிக்கிழமையோட வேல முடிஞ்சிருக்கும் ஆன்டி.”

அன்று வீட்டுக்குப் போனதும் விமலாவிடம் சொன்னாளாம்: “என்னைய விட மாட்டேங்கறாங்கடி. பெரிய டாக்டரே கால்மாட்டுல உக்காந்து கேட்டாரு.”