என் பேரில் ஒரு வீடு

மகள் கனடாவில் தலைப்பிள்ளைக்கு இருந்தபோதுதான் விசா என்ற விஷயத்தில் நான் தலையைக் கொடுத்தேன். பிள்ளைப்பேற்றுக்கு அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எனக்கும் வேறு வேலை இல்லை. இவர் காலமான பிறகு எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

டவுனில் விசா அலுவல் பார்க்கும் பெண் வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகளும் மருமகனும் போன, படிப்புக்கும் வயதுக்கும் புள்ளி போடும் முறையில் என் வயதுக்கு ஒன்றும் கிடைக்காது. பெற்றோரை நிரந்தரமாகக் கூப்பிடுவதற்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அதுவரைக்கும் பிள்ளை வயிற்றில் காத்திருக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. மிஞ்சியது விசிட் விசா. அதற்கு நான் கட்டாயம் திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டுமாம்.

"உங்கட பேரில என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்ல. எல்லாம் மகளுக்குக் குடுத்தாச்சு."

பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிடுவோம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். நானும் இவரும் வட்டை என்கிற வயல்வெளியில் கிடந்த காணியையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டி ஒதுங்கிக்கொண்டோம். ஊரில் அது மதிப்பு. விசா கொடுக்கிறவர்களுக்கு அது வெறுங்கை. சொந்தமாக ஒன்றும் இல்லாதவள் திரும்பி வருவாள் என்று நம்ப முடியாது என்று மறுத்துவிட்டார்கள். எனக்குச் சரியான கோபம். அதற்குள் பேரன் பிறந்துவிட்டான். போனில் பார்த்தேன், மூக்கு இவருடையது.

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றாள் மகள். வழியையும் அவளே சொன்னாள்.

"வீட்ட உங்கட பேருக்கே மாத்துவம் அம்மா. நாங்க இனி அங்க வந்து இருக்கப்போறதில்லதானே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. ஓம் மகள் என்று சொல்லி, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அவள் அங்கிருந்தே கையெழுத்து வைத்து அனுப்பினாள். நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பேருக்கு எழுதி முடித்துத் தந்தார். விசா அலுவல் பார்க்கும் பெண் அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை கிடைக்கும் என்கிறாள். நான் திரும்பி வருவேன் என்பதற்கு இப்போது என்னிடம் ஆதாரம் இருக்கிறது. மகள் திரும்பி வருவாள் என்பதற்கு நான் வைத்திருந்த ஆதாரமும் அந்த வீடுதான்.