மேசை மூலையில் குங்குமம்

எங்கள் பட்டறையில் கிணற்றுப் பம்புக்குச் சாமான் செய்வார்கள். கோயமுத்தூரில் மில்லும் பட்டறையுமாக முளைத்துக்கொண்டிருந்த 1930களில், ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்கு இரண்டு மேசை செய்யும் வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. இரும்புச் சட்டம், மேலே தகடு, சுற்றிலும் ரிவிட் ஆணி. வண்டியில் ஏற்றும் முன் நாலு மூலைக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தேன். பொட்டில்லாமல் எதையும் பட்டறையை விட்டு அனுப்ப எனக்கு மனசு வராது.

பல மாதம் கழித்து, நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக அந்த மேசைகளில் ஒன்றில் பரிசோதனைக்குப் படுத்தேன். இறங்கியதும் நர்ஸ் ஈரத்துணியால் மூலையை அழுத்தித் துடைத்தார். துணி சிவந்தது.

"ரத்தமா? காலையிலதானே கொதிநீர் ஊத்திக் கழுவினேன்" என்று அவர் பதறினார்.

ரத்தமில்லை, தகட்டின் இடுக்கில் தங்கியிருந்த என் குங்குமம். குங்குமமே போகவில்லை என்றால், அதன் பிறகு அங்கே சிந்தியதெல்லாம் எங்கே போயிருக்கும்? முந்தின வருஷம்தான் என் அக்கா, வீட்டிலேயே பிள்ளை பெற்று, ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். அந்தப் பயத்தில்தான் நான் ஆஸ்பத்திரிக்கே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ரிவிட் அடிச்சா இடுக்கு இருக்கத்தான் செய்யும் அம்மணி" என்றார்.

"அப்ப ரிவிட் அடிக்காம செய்யுங்க. உங்க மேசையில படுக்கப் போறது நானுங்க."

மறுநாளே அவர் ஒரே தகட்டை மூலை தெரியாமல், சாப்பாட்டுத் தட்டு மாதிரி வளைத்தடித்தார். அது சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தூக்கிப் பின்பக்கமும் கழுவலாம். நான் விளக்கெண்ணெயில் குங்குமம் குழைத்துத் தகடெங்கும் அப்பி, வெந்நீர் ஊற்றி, வெள்ளைத்துணியால் துடைத்துப் பார்ப்பேன். துணி சிவந்தால் மறுபடி சம்மட்டி.

"பேரூர்த் தேருக்குக்கூட இத்தனை குங்குமம் ஆகாது" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கத்தில்கூட துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மேசை தேறி, பழையது ஒன்றுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போனது. இரண்டாவதுக்குத் தகடு வந்து சேரவில்லை. அதற்குள் எனக்கு நாள் முந்திக்கொண்டு வலி வந்துவிட்டது.

போனால், புது மேசையில் கிணத்துக்கடவிலிருந்து வந்த ஒரு பெண் துடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பழையதில் ஏற்றினார்கள். வலியைவிட, என் முதுகுக்கடியில் இருந்த அந்த இடுக்குகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள் உடம்பு கொதித்தது. அவர் வந்து, பக்கத்தில் என் அம்மா நிற்பதையும் பார்க்காமல் என் நெற்றியில் கை வைத்தார். அந்தக் காலத்தில் அப்படி எந்த ஆண்பிள்ளையும் செய்யமாட்டான்.

"பால் கட்டின சுரமாத்தான் இருக்கும்னு நர்சம்மா சொல்றாங்க. உனக்கு எப்படி இருக்குது கண்ணு?"

"அந்த மேசையைக் கொண்டு போயிருங்க. இன்னொருத்தி அதுல படுக்க வேண்டாம்."

அன்றே டாக்டரம்மாவிடம் கேட்டு வண்டி கொண்டு வந்து ஏற்றினார். ஒரு மேசையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று அந்தம்மா கடிந்துகொண்டாராம். தகடு வந்து அடுத்த மேசை தேறும்வரை, என் வீட்டுக்காரர் அந்தத் திட்டைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு மறுநாள் காலை சுரம் விட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தாள். அதுவரை கண்ணை மூடிக்கொண்டேதான் பால் கொடுத்திருந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டால், அக்கா மாதிரி விட்டுப்போக முடியாதே என்று பயம். அன்றைக்குத்தான் என் மகளைப் பார்த்தேன்.