அணைந்த திரையில் பதிந்த எழுத்து

பிள்ளைகளா, நான் லோடு வண்டி ஓட்டியபோது, தட்டாஞ்சாவடி ஷெட் ஒன்றில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கிற ஒருவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் மெதுவாக "பர்தோன்" என்பார். பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கிறாராம்.

"மெஷினுக்கு என்னா சார் மன்னிப்பு?" என்று சிரித்தேன்.

"தூங்குறவங்கள எழுப்புறோம்ல தம்பி."

அவரிடம் ஒரு பிரெஞ்சு கம்ப்யூட்டர் இருந்தது. கரண்ட் கொடுத்தால் விசிறி சுற்றும், அவ்வளவுதான். என்ன தட்டினால் வேலை செய்யும் என்று சொல்லப் புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. அதன் பழைய திரையை ஒரு குடோனில் கண்டுபிடித்து, என் வண்டியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"வருஷக்கணக்கா ஒரே எழுத்து எரிஞ்சா கண்ணாடியிலயே பதிஞ்சிடும். என்ன தட்டுனாங்கன்னு இதுலதான் இருக்கணும். எனக்குக் கண்ணு தெரியல, நீ படிப்பா."

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். அணைந்த திரையில் சாம்பல் நிறத்தில் எழுத்துகள் தெரிந்தன. எனக்கு அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். எட்டாவது எழுத்தை எழுதியதும் அவர் பேனா நின்றுவிட்டது.

"என்னா சார் போட்டிருக்கு?"

"காத்திருக்கவும்னு பிரெஞ்சுல போட்டிருக்கு."

வேறு ஓர் எழுத்தும் அதில் இல்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த இருண்ட திரைக்கு எதிரே உட்கார்ந்தார். போறேன் சார் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தத் திரை யாரைக் காத்திருக்கச் சொன்னதோ, அந்த ஆள் என்றைக்கோ எழுந்து போயிருப்பார். இவர் ஏன் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.