ரிலீஸ் அன்புராசா

அன்புராசாவுக்கு "ரிலீஸ்" என்று பட்டம் வைத்தவள் நான்தான். பட்டம் கேட்டு வாங்குகிற மாதிரி ஒரு மனிதன் நடந்துகொண்டால் வைக்காமல் என்ன செய்வது?

என் பெயர் பேபி. ஐம்பது வயது தாண்டியும் பேபிதான். தொண்ணூற்றேழாம் ஆண்டு கோடையில் கனடாவில், ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம் இருந்த ஒரு மைதானத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை பார்த்தேன். ஹார்பர்மென் என்று ஓர் அமெரிக்கன் ஃபுட்போல் அணி. சின்ன லீக். இரண்டு வருடத்தில் லீக்கும் செத்தது, அணியும் செத்தது. இன்றைக்குக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காலால் உதைக்கிற ஃபுட்போல் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஆளை ஆள் முட்டி விழுத்துகிற விளையாட்டு. ஒரு பக்கம் பந்தைக் கொண்டு ஓடப் பார்க்கும். மற்றப் பக்கம் மறித்து நின்று விழுத்தும். விழுந்தவனின் சேறும் வியர்வையும் இரத்தமும் கடைசியில் என் மெஷினுக்குத்தான் வரும்.

எனக்கு உதவிக்கு அன்புராசாவை எடுத்தார்கள். முப்பது வயது, ஈர்க்கு மாதிரி உடம்பு, எதற்கெடுத்தாலும் ஒரு இளிப்பு. முதல் நாள் மனேஜர் "திங்கட்கிழமை காம்ப் தொடங்குது" என்று சொல்ல, அவனுடைய முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, உவங்கள் காம்ப் எண்டுறாங்கள். ஆர்மியோ?"

"விசரா, இது விளையாடுறவங்களின்ர காம்ப். இந்தப் பெடியள் உள்ளுக்கை நிக்கத்தான் அழுறாங்கள்."

அவன் முதல் பாதியைத்தான் கேட்டான். இரண்டாவது பாதி அவனுடைய மண்டைக்குள் இறங்கவில்லை. காம்புக்குள் நிற்க அழுகிற மனிதனை அவன் எங்கே கண்டிருப்பான்? அவனுடைய ஒரே தம்பி பரணியைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து ஆர்மிக்காரர் சந்தேகத்தில் பிடித்து, தெற்கே எங்கேயோ ஒரு தடுப்புக் காம்பில் போட்டிருந்தார்கள். பிடித்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இவன் இங்கே உழைக்கிறதெல்லாம் தம்பியின் கேஸைப் பேசுகிற கொழும்பு அப்புக்காத்துவுக்குப் போனது. ஞாயிறு தவறாமல் அப்புக்காத்துவுக்கு ஃபோன் அடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: "ரிலீஸ் ஆயிட்டுதோ?" அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவன் உயிரோடு இருந்தான். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இனி அந்த விளையாட்டுக் காம்பின் கதை. கோடையில் ஒரு பெரிய கூட்டத்தைக் கூப்பிட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழிப்பார்கள். கழிக்கிறதுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்தான் ரிலீஸ். காலையில் ஓர் ஆள் போய், "உன்னை ரிலீஸ் பண்ணியாச்சு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மேலே வா" என்று சொல்லவேண்டும். அந்த வேலைக்கு ஒருவரும் விரும்பிப் போகமாட்டார்கள். போன வருடம் சொல்லப் போனவனின் மூக்கை ஒருவன் உடைத்துவிட்டான்.

மறித்து ஆடுகிறவர்களுக்கு வெண்டல் என்று ஒரு கோச். கோதாரியில் போவான், அவனுடைய கண் அன்புராசாவில் விழுந்தது. இந்த ஈர்க்கை ஆர் அடிப்பான் என்று நினைத்திருப்பான். "அந்தப் பெடியனிட்டை ரிலீஸ் எண்டு போய்ச் சொல்லு" என்று அனுப்பினான்.

நான் டவல் வண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு மாதிரி ஒரு பெடியன் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அன்புராசா ஓடிப்போய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்தான். முகமெல்லாம் பல்.

"யூ ஆர் ரிலீஸ்ட்! வெரி குட் நியூஸ்! கோ ஹோம், மதர் வெரி ஹாப்பி!"

சொன்னதோடு விட்டானா? சேர்ட் பொக்கற்றில் இருந்து ஒரு துண்டு கற்கண்டை எடுத்து அவனுடைய கையில் வைத்தான். இவர்களுடைய ஊரில் யாராவது காம்பில் இருந்து வந்தால் அயல் முழுக்கக் கற்கண்டு கொடுப்பார்களாம். பரணிக்காக வாங்கி வைத்திருந்த பையில் இருந்து ஒரு துண்டை இங்கே எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெடியன் அடிக்கக் கையை ஓங்கினான், இவனுடைய சிரிப்பைப் பார்த்தான், கையை இறக்கிவிட்டான். அப்படியே இருந்து அழுதான். அன்புராசா அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டான்.

உடுப்பு மாற்றுகிற அறைக்கு மேலே கோச்மார் வேலை பார்க்கிற கந்தோர். கீழே நடக்கிறதெல்லாம் தெரிகிற பெரிய கண்ணாடி யன்னல். அதற்குப் பின்னால் வெண்டலும் மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டவலை வாய்க்குள் அடைத்துச் சிரித்தேன். அந்த அவிகிற அறைக்குள் சிரிக்க வேறு என்ன இருந்தது?

அன்றில் இருந்து அது அவனுடைய வேலையாகிவிட்டது. யாரையாவது கழிக்கவேண்டும் என்றால் அன்புராசாவைக் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கோப்பிக் கோப்பையோடு கூட்டம் சேரும். அவனும் புண்ணியம் செய்கிறவன் மாதிரி ஓடி ஓடிச் சொன்னான். "அக்கா, இண்டைக்கும் ஒருத்தனை விட்டிட்டாங்கள். நல்ல கோச்" என்பான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அவனுக்கு உண்மையைச் சொன்னவன் லமார். அலபாமாவில் இருந்து வந்த கறுப்புப் பெடியன். மலை. மறிக்கிற பக்கத்தில் முன்வரிசையில் நாலு பேர் சுவர் மாதிரி நிற்பார்கள், அதில் நடுச்சுவர் இவன். அந்த மைதானத்தில் "ஏய்" என்று கூப்பிடாமல் "அன்பு" என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். தன்னோடு ஒரே அறையில் இருந்தவனுக்கும் அன்புராசா கற்கண்டு கொடுத்த அன்று, லமார் எங்கள் லோண்டரிக்கு வந்தான். கதவு நிறைய நின்றான். அடிதான் விழப்போகிறது என்று நான் பின்வாங்கினேன். அவன் அன்புராசாவை வாங்கில் இருத்தி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெல்ல மெல்லச் சொன்னான். இங்கே ரிலீஸ் என்றால் விடுதலை இல்லை. வேலை போச்சு. கனவு போச்சு. வெறும் கையோடு வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

அன்புராசா என்னைப் பார்த்தான். "அக்கா, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன். பொய் சொல்லவா?

லமார் போகும்போது ஒன்று கேட்டான். "என்ர முறை வந்தா நீயே வந்து சொல்லு. ஆனா சிரிக்காதை. இனிப்பும் வேண்டாம். மனுசனுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லு." அவன் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். அன்புராசா அவனுடைய கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்தான்.

அடுத்த நாள் அவன் மேலே போய், இனி இந்த வேலை செய்யமாட்டேன் என்று வெண்டலிடம் சொன்னான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்னவாம்?"

"செய்யாட்டி என்னையும் ரிலீஸ் பண்ணுவானாம். முந்தி மாதிரியே சிரிச்சுக் குடுக்கவேணுமாம்."

"போடா எண்டு விட்டிட்டு வேறை வேலை பாரன்."

"பரணி வெளியிலை வருமட்டும் ஒரு கிழமைச் சம்பளமும் நிக்கக் கூடாது அக்கா. அப்புக்காத்து கேஸை விட்டிடுவார்."

அதற்குப் பிறகும் அவன் சிரித்தான், கற்கண்டு கொடுத்தான். முன்பு தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்தான். மேலே இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு நான் பார்க்கப் போகவில்லை.

கோடை முடிகிற நேரம் வெண்டலுக்கு ஒரு யோசனை வந்தது. எதிர் அணிகள் எல்லாம் பந்தைத் தூர எறிந்துதான் ஆடுகின்றன, முன்னால் நாலு சுவர் எதற்கு? மூன்று போதும். நாலாவது ஆளின் இடத்தில் பின்னால் ஓடித் திரிந்து மறிக்க ஒரு மெல்லிய ஆளைப் போடுவோம் என்று முடிவெடுத்தான். லமார் ஒரு பிழையும் விடவில்லை. முந்தின நாள் ஆட்டத்தில்கூட ஒருவரையும் தாண்டவிடாதவன் அவன். கரும்பலகையில் ஒரு வட்டத்தை அழித்தார்கள், அந்த வட்டத்துக்குள் அவன் நின்றுவிட்டான். அவ்வளவுதான்.

அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் திருவிழாக் கூட்டம். கணக்குப் பார்க்கிற பெண்களைக்கூட வெண்டல் கூப்பிட்டு வைத்திருந்தான். இவர்கள் இரண்டு பேரும் சிநேகிதம் என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் போனேன். என்ன செய்யப்போகிறான் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

லமார் அவனைக் கண்டதுமே விளங்கிக்கொண்டான். எழுந்து நின்று காத்திருந்தான். அன்புராசா கிட்டப் போனான். ஒரு தடவை மேலே பார்த்தான். வெண்டல் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். பிறகு அன்புராசாவின் பல்லெல்லாம் வெளியே வந்தது.

"யூ ஆர் ரிலீஸ்ட். வெரி குட் நியூஸ். கோ ஹோம். மதர் வெரி ஹாப்பி."

கற்கண்டை நீட்டினான். லமார் அடிக்கவில்லை. ஏசவில்லை. அந்தத் துண்டை எடுத்து, அன்புராசாவின் தாடையை ஒரு கையால் பிடித்து, அவனுடைய வாய்க்குள்ளேயே வைத்துவிட்டான். விரலை அவனுடைய சேர்ட்டில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே போனான். மேலே கைதட்டல் கேட்டது. அன்புராசா வாயை மூடிக்கொண்டு நின்றான். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைத்தது குறைவு. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் விட்டுவிட்டான். நான்தான் அந்த நாட்களில் "ரிலீஸ்" என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டேன். கோபத்திலாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். திறக்கவில்லை.

செப்டெம்பரில் ஒரு காலை லோண்டரி ஃபோன் அடித்தது. கொழும்பில் இருந்து அப்புக்காத்து. அன்புராசா வெளியே உடுப்பு மாற்றுகிற அறையில் ஊத்தை உடுப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தான். செய்தியை நானே கேட்டேன். கடவுளே, எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை! அலுமாரித் தட்டில் கிடந்த அவனுடைய கற்கண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் அப்படி ஓடியதில்லை. அவனுடைய கையைப் பிடித்தேன்.

"அன்பு! பரணி ரிலீஸ்! விட்டிட்டாங்கள்! வீட்டை போயிட்டானாம், அம்மாவுக்குச் சரியான சந்தோசமாம்!"

ஒரு துண்டை எடுத்து அவனுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவன் முகத்தைத் திருப்பினான். திருப்பி மேலே கண்ணாடியைப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை, வெண்டல் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. அவன் மூலைக்கு மூலை கண்ணாடி முழுவதையும் தேடினான்.

"ஆர் அக்கா உங்களை அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லையடா! அப்புக்காத்து ஃபோனிலை நிக்கிறார். உண்மையடா, என்ர பிள்ளையாணை உண்மை!"

அவன் என் கையில் இருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"சிரிச்சுக்கொண்டு சொல்லுறியளே அக்கா" என்றான்.